ஒருமுறை நட்டால் வருஷம் முழுக்க வெங்காயத்தாள்

எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் பிற்பகலில் வந்து விழும் இடத்தில் ஐந்து பைகள் வரிசையாக இருக்கின்றன. ஐந்திலும் வெங்காயத்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் கோத்தகிரியில் இருக்கும் சித்தி ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பிய ஒரே ஒரு தூரிலிருந்து வந்தவை இவ்வளவும். அதற்கப்புறம் வெங்காயத்தாளுக்காக நான் மார்க்கெட்டுக்குப் போனதில்லை. திருச்சி வெயிலில் நாலு சித்திரையையும் தாண்டிவிட்டது.

இதைப் பார்த்துவிட்டு பக்கத்து வீட்டு அக்கா ஆசைப்பட்டுக் கேட்டார்கள். இரண்டு தூர் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து, "நல்லாத்தான் வந்துச்சு, ஆனா ஒரு தடவையோட முடிஞ்சு போச்சே" என்றார்கள். போய்ப் பார்த்தால் பை காலியாக இருக்கிறது. முளைக்கீரை பிடுங்குவதைப் போல மொத்தத்தையும் வேரோடு பிடுங்கிச் சமைத்துவிட்டார்கள். தப்பு என்னுடையதுதான். செடியைக் கொடுத்தேனே தவிர, அறுக்கும் முறையைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர்களுக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே முதலிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் சரியான வெங்காயம் எது என்று பாருங்கள்

கடையில் வெங்காயத்தாள் என்று கட்டுக்கட்டாக விற்பதெல்லாம் ஒரே செடி அல்ல. நம் ஊர் மார்க்கெட்டுக்கு வருவதில் பெரும்பாலானது சாதாரண வெங்காயத்தின் இளம் செடிதான், கிழங்கு திரளும் முன்பே பிடுங்கியது. அதை நட்டு வைத்தாலும் கொஞ்ச நாள் இலை விடும். ஆனால் அதற்குக் கிழங்கு வைப்பதுதான் வேலை. வெயிலும் பகல் நேரமும் கூடியதும் கிழங்கு பருக்கும், தாள் மடிந்து சாயும், அதோடு அதன் கணக்கு முடிந்தது. சின்ன வெங்காயமும் இப்படித்தான். ஒரு பல் நட்டால் நாலைந்தாகப் பெருகும், இடையில் தாளும் கிடைக்கும். ஆனால் ரகத்தைப் பொறுத்து 65 முதல் 90 நாளில் இலை காய்ந்து விழுந்துவிடும்.

வருஷக்கணக்கில் நிற்பது வேறொரு வெங்காயம். தாவரவியலில் அதன் பெயர் அல்லியம் ஃபிஸ்டுலோசம். 1753ல் லின்னேயஸ் வைத்த பெயர், லத்தீனில் ஃபிஸ்டுலா என்றால் குழல். சீனாவில் பிறந்த செடி, ஜப்பானில் 'நேகி' என்று அன்றாடச் சமையலில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'வெல்ஷ் ஆனியன்' என்று ஒரு பெயர் உண்டு. வேல்ஸ் நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அயல்நாட்டுச் சரக்கு என்ற பொருளில் வந்த பழைய சொல் அது. விதைப் பாக்கெட்டுகளில் 'பஞ்சிங் ஆனியன்', அதாவது கொத்தாக வளரும் வெங்காயம் என்று போட்டிருப்பார்கள். நான் இங்கே தாள் வெங்காயம் என்றே சொல்கிறேன்.

இது கிழங்கு வைக்காது. அதற்குப் பதிலாக நெல் தூர் கட்டுவதைப் போல அடியிலிருந்து பக்கத்தண்டு விட்டுக்கொண்டே இருக்கும். ஒன்று மூன்றாகும், மூன்று பத்தாகும். சாதாரண வெங்காயம் தன் சத்தைக் கிழங்கில் சேர்த்துவிட்டு ஓய்ந்துபோகிறது, இது அதைப் புதுத் தண்டுகளில் போடுகிறது. அதனால்தான் ஓய்வதில்லை.

கையில் இருப்பது எது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஒரு இலையை நடுவில் குறுக்காக வெட்டி, வெட்டுவாயைப் பாருங்கள். சாதாரண வெங்காய இலையின் உட்பக்கம் சற்றுத் தட்டையாக இருக்கும், வெட்டினால் அரைவட்டம் போலத் தெரியும். தாள் வெங்காயத்தில் ஸ்ட்ராவை வெட்டியது போல முழு வட்டம். அடித்தண்டையும் பாருங்கள். கோலிகுண்டு மாதிரி உருண்டிருந்தால் சாதாரண வெங்காயம், பென்சில் போல நேராக இறங்கியிருந்தால் தாள் வெங்காயம். இளஞ்செடியில் ஒரு அடையாளத்தை மட்டும் நம்ப வேண்டாம், இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

எங்கிருந்து கொண்டுவருவது

வளர்ப்பவர் யாராவது தெரிந்தால் ஒரு தூர் கேட்டு வாங்குவதே மேல். நட்ட மறுவாரமே பச்சை பிடித்துவிடும்.

யாரும் இல்லையென்றால் விதை. இங்கேதான் புதியவர்கள் பணத்தை விடுகிறார்கள். வெறுமனே 'ஸ்பிரிங் ஆனியன்' என்று மட்டும் எழுதிய பாக்கெட்டில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். 'ஒயிட் லிஸ்பன்' என்ற பிரபலமான ரகம் சாதாரண வெங்காயத்தைச் சேர்ந்தது, நமக்கு வேண்டாம். 'எவர்கிரீன்' என்று தொடங்கும் பஞ்சிங் ரகங்கள் நன்றாகத் தூர் கட்டும். ஜப்பானிய ரகங்களில் 'இஷிகுரா' போன்றவை நீளமான ஒற்றை வெள்ளைத் தண்டுக்காக வளர்ப்பவை, அதிகம் கிளைக்காது. கியோட்டோ பக்கத்து 'குஜோ' இலைக்கான ரகம், தூரும் கட்டும், நம் பக்கத்து வெயிலுக்கும் அதுவே தோது. பாக்கெட்டின் பின்பக்கத்தில் 'ஃபிஸ்டுலோசம்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அப்புறம் தேதி. வெங்காய விதைக்கு ஆயுசு குறைவு. தக்காளி, கத்தரி விதை மூன்று நாலு வருஷம் கிடந்தும் முளைக்கும். வெங்காய விதை சாதாரண அலமாரியில் ஒரு வருஷம் தாண்டினாலே முளைப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஒரு கடையில் தேதி பார்க்காமல் வாங்கி வந்து, இரண்டு தட்டு விதைத்து மூன்று வாரம் காத்திருந்தேன். தலைகாட்டியது நாலே நாலு. இப்போதெல்லாம் பத்து விதையை ஈரத்துணியில் மடித்து ஒரு டப்பாவில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியை விதைக்கிறேன். பத்து நாளில் குறைந்தது ஏழு முளைவிட்டால் சரி. மிஞ்சும் விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

மூன்றாவது வழி, வாங்கிய கட்டின் வேர்ப்பகுதியை நடுவது. அடியிலிருந்து மூன்று விரல் உயரம் விட்டு வெட்டி, வேரோடு இருக்கும் துண்டை மண்ணில் ஊன்றினால் இரண்டு மூன்று நாளிலேயே நடுவில் பச்சை எட்டிப் பார்க்கும். டம்ளர் தண்ணீரில் வைத்தும் துளிர்க்க வைக்கலாம், தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். ஆனால் தண்ணீரிலேயே விட்டுவிட்டால் இரண்டு அறுப்பில் மெலிந்து, வேர் கொழகொழத்துவிடும். ஒரு வாரத்தில் மண்ணுக்கு மாற்றுங்கள். நான் மேலே சொன்ன இலைச் சோதனையில் தேறிய கட்டு கிடைத்தால் இதைவிட மலிவான வழி இல்லை.

பையும் மண்ணும்

வேர் ஆழமாகப் போகாது. ஒரு அடி அகலம், ஒரு அடி உயரமுள்ள வளர்ப்புப் பை போதும். பழைய பெயின்ட் வாளி, தெர்மாகோல் பெட்டி எதுவானாலும் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். பையைத் தரையோடு வைக்காமல் இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். மழைக்காலத்தில் இந்த இரண்டு செங்கல்தான் செடியைக் காப்பாற்றும்.

மண்கலவை எனக்குச் சரிப்பட்டது இது: செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரமோ நன்றாக மக்கிய தொழு உரமோ ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள். கலந்து, லேசாக ஈரம் காட்டி, பத்து நாள் ஆறப் போட்டுவிட்டு நட வேண்டும். நார்க்கழிவை முதலில் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடுங்கள். அதில் உப்பு இருக்கும், வெங்காய இனத்துக்கு உப்பு ஆகாது.

போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இதையே இன்னொரு விதமாகவும் கவனிக்க வேண்டும். பையின் ஓரத்திலும் மண்ணின்மேலும் வெள்ளையாகப் பொரிந்து நிற்கிறதென்றால் உப்பு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அடியில் வழிந்தோடும் வரை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது இல்லை.

பையை முழுசாக நிரப்பாதீர்கள், முக்கால் பை போதும். மேலே கால் பங்கு காலியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, நடவில் சொல்கிறேன்.

தரையில் இடம் இருக்கிறவர்கள் ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு, தூருக்குத் தூர் ஒரு சாண், வரிசைக்கு வரிசை ஒரு அடி விட்டு நடலாம். பைக்கும் பாத்திக்கும் மற்ற வேலையெல்லாம் ஒன்றுதான்.

விதைப்பதும் நாற்றும்

கார்த்திகை மழை ஓய்ந்ததும் விதைப்பது எங்கள் பக்கத்துக்குச் சரியாக வருகிறது. மார்கழி, தை குளிரில் நாற்று நிதானமாகத் திரளும், கத்திரி வெயில் வருவதற்குள் செடி வேர் பிடித்து நின்றுவிடும். ஆடி கடைசியிலும் விதைக்கலாம். ஆனால் ஐப்பசி மழையில் மெல்லிய நாற்று சாய்ந்து அழுகும், கூரை நிழலில் வைத்துக் காக்க வேண்டியிருக்கும். பங்குனி, சித்திரையில் தொடங்காதீர்கள்.

குழித்தட்டில் குழிக்கு மூன்று விதை, ஒரு சென்டிமீட்டர் ஆழம். மேலே மண்புழு உரத்தைச் சலித்துத் தூவி, பூவாளியால் நனைத்து நிழலில் வையுங்கள். 7 முதல் 10 நாளில் வரும். வரும் விதமே பார்க்க அழகு. நுனி மேலே நீட்டிக்கொண்டு வராது. பச்சை நூலை இரண்டாக மடித்து அந்த மடிப்பை முதலில் வெளியே தள்ளியது போல, கூன் போட்டுக்கொண்டு வரும். இரண்டு நாளில் மெல்ல நிமிரும், நுனியில் கறுப்பு விதைத்தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். கை துறுதுறுக்கும், இழுத்துவிடாதீர்கள். தானே விழும்.

முளைத்ததும் வெயிலுக்கு மாற்றிவிடுங்கள். நிழலிலேயே வைத்தால் நூலாக நீண்டு சாயும். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தீக்குச்சி கனம் வந்துவிடும், அதுதான் நடும் பருவம். எட்டு வாரம் என்பது தக்காளி நாற்றுப் போட்டுப் பழகியவர்களுக்கு நீளமாகத் தோன்றும். வெங்காயக் குடும்பம் ஆரம்பத்தில் அப்படித்தான், அவசரப்படாது. அந்த இடைவெளியில் தட்டில் ஒரு புல் கூட முளைக்க விடாதீர்கள். இந்த நாற்றுக்குக் களையோடு மல்லுக்கட்டத் தெரியாது.

காத்திருக்கும் நாளில் வீட்டுச் சமையலுக்குத் தாள் வேண்டுமென்றால் வேறொரு பையில் பத்துச் சின்ன வெங்காயத்தை ஊன்றிவிடுங்கள். நாலு வாரத்தில் வெட்டலாம்.

நடவு

ஒரு அடிப் பையில் ஐந்து இடம். நடுவில் ஒன்று, சுற்றி நாலு. இடத்துக்கு இரண்டு மூன்று நாற்றைச் சேர்த்து நடுங்கள், தூர் சீக்கிரம் கட்டும். சாயங்காலம் நட வேண்டும். விரலால் மூன்று நாலு சென்டிமீட்டர் குழி போட்டு, வேர் மடங்காமல் இறக்கி, மண்ணை லேசாக அழுத்தி, தண்ணீர் விடுங்கள். காக்கைத் தொல்லை இருந்தால் ஒரு வாரம் மேலே வலையைப் போடுங்கள். புதிதாக எதை நட்டாலும் பிடுங்கிப் பார்ப்பது அவற்றின் பழக்கம்.

ஒரு மாதம் கழித்து, காலியாக விட்ட கால் பங்கில் இரண்டு மூன்று தடவையாகக் கலவையைப் போட்டுத் தண்டைச் சுற்றி அணைத்துக்கொண்டு வாருங்கள். மண்ணுக்குள் வெயில் படாமல் இருக்கும் தண்டுப் பகுதி வெள்ளையாக, மென்மையாக, காரம் குறைந்து வளரும். ஜப்பானில் ஒற்றைத் தண்டு ரகங்களுக்கு இப்படி மண் அணைத்து அணைத்துத்தான் முழ நீளத்துக்கு வெள்ளைத் தண்டு எடுக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம், நாலு விரல் வெள்ளை கிடைத்தால் போதும். மண் போடும்போது நடுக்குருத்து மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர், உரம், வெயில்

தினம் ஐந்து ஆறு மணி நேரம் வெயில் வேண்டும். தண்ணீருக்கு நாள் கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். ஆள்காட்டி விரலை இரண்டு கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் வேண்டாம், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். காலையில், இலையில் படாமல், மண்ணில் ஊற்றுங்கள்.

அறுத்த இரண்டாம் நாள் ஒரு கைப்பிடி மண்புழு உரத்தைத் தூரைச் சுற்றிப் போட்டுக் கிளறிவிடுகிறேன். மாதம் ஒருமுறை, ஒரு கைப்பிடி கடலைப் புண்ணாக்கை இரண்டு லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, அதில் பத்து மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றுகிறேன். நாம் சாப்பிடுவது இலை, அதனால் தழைச்சத்து கிடைத்தால் போதும். அதிகம் கொடுத்தால் இலை தளதளவென்று வரும், கூடவே பூச்சியும் வரும்.

கத்திரி வெயிலில் செடி சுணங்கிவிடும். இலை மெலியும், நுனி பழுக்கும். பயந்துபோய் அதிகத் தண்ணீரும் உரமும் கொடுக்காதீர்கள், அழுகுவது அப்போதுதான். 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே நகர்த்துங்கள், மண்ணின்மேல் காய்ந்த சருகு பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் இரண்டு விரல் இடம் விட வேண்டும். அந்த நாலைந்து வாரம் அறுக்காமல் விட்டுவிடுங்கள். ஆனியில் காற்று மாறியதும் தானாக நடுவிலிருந்து புதுக் குழல் கிளம்பும்.

அறுவடை

பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொல்லாமல் விட்ட பகுதி இதுதான்.

சித்தி எனக்குச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "கீரைக்கட்டுன்னு நினைக்காத கண்ணு, வாழைன்னு நினைச்சுக்கோ." வாழையில் தாரை வெட்டினாலும் பக்கக்கன்று நிற்கிறது, தோப்பு தொடர்கிறது. இங்கேயும் நாம் எடுப்பது தாரைத்தான், கட்டையை அல்ல.

நட்ட முதல் இரண்டு மாதம் கத்தியே கிட்டப் போகக் கூடாது. ஒவ்வொரு தண்டிலும் நாலைந்து இலை வந்து, தண்டு பென்சில் கனம் வந்ததும் தொடங்கலாம். எடுக்க இரண்டு வழி.

அன்றைய சமையலுக்குக் கொஞ்சம் வேண்டுமென்றால் வெளி இலைகளை மட்டும் எடுங்கள். ஒரு தண்டை உற்றுப் பார்த்தால் புரியும்: ஒவ்வொரு இலையும் முந்தைய இலையின் உறைக்குள்ளிருந்து கிளம்பி வருகிறது. வெளியே இருப்பது மூத்தது, நடுவில் கூராக நிற்பது இளையது. மூத்ததை வெட்டி, நடுவில் இருப்பதைக் குறைந்தது இரண்டாவது விட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் மொட்டையடித்தாலும் ஒருமுறை இரண்டுமுறை துளிர்க்கும். ஆனால் கிழங்கில் சேமிப்பு இல்லாத செடி இது, திரும்பத் திரும்ப மொட்டையடித்தால் தண்டு நூலாகிக் கடைசியில் மறைந்துவிடும்.

வெள்ளைத் தண்டோடு வேண்டுமென்றால் தூரின் ஓரத்தில் நிற்கும் தடித்த தண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒரு கையால் மற்றத் தண்டுகளை அடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, விரலால் மண்ணைத் தோண்டி, அந்த ஒன்றை மட்டும் வெளிப்பக்கமாக வளைத்தால் 'டப்' என்று தனியாக வந்துவிடும். குழியை மூடிவிடுங்கள். ஒரு தூரில் எத்தனை இருந்தாலும் மூன்று தண்டாவது மண்ணில் நிற்கட்டும்.

ஒரு பையில் ஐந்து தூர் வைப்பதில் எனக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தூர் என்று முறை வைத்துக்கொண்டேன். முதல் தூருக்கு மறுபடி முறை வருவதற்குள் ஐந்து வாரம் ஓய்வு கிடைத்துவிடும். பொரியலுக்கோ பாசிப்பருப்புப் போட்ட கூட்டுக்கோ ஒரு வாரத்துக்கு வேண்டியது கிடைக்க எங்கள் நாலு பேர் வீட்டுக்கு மூன்று பை வேண்டியிருந்தது. முட்டைப் பொடிமாஸுக்கும் அடை மாவுக்கும் தூவ மட்டும் என்றால் ஒரு பையே தாங்கும்.

வெட்டியதைக் கழுவாமல், ஈரம் துடைத்து, பருத்தித் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் கழித்த இலையைக்கூட அவற்றின் வாய்க்கு எட்டாமல் பாருங்கள். வெங்காய இனம் எதுவானாலும் அவற்றின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

பூச்சியும் நோயும்

அதிகம் வருவது இலைப்பேன். பச்சை இலையில் வெள்ளிக் கம்பி இழுத்தது போல மெல்லிய கோடுகள் தெரிந்தால் அதுதான். வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள், மஞ்சள் நிறத்தில் ஊசிமுனை அளவுக்கு ஓடும். பகலில் இலை பிரியும் கவட்டுக்குள் ஒளிந்திருக்கும், அதனால் மேலோட்டமாகத் தெளித்துப் பயனில்லை. முதலில் தண்ணீரை வேகமாகக் கவட்டுக்குள் பீய்ச்சுங்கள். குறையவில்லையென்றால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளியுங்கள், வாரம் ஒருமுறை, மூன்று வாரம். காய்ந்த மாதங்களில் பெருகும், மழை வந்தால் தானே அடங்கும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாமலே போவது. இலையில் அங்கங்கே கண்ணாடித்தாள் ஒட்டியது போல வெளுத்த திட்டு. வெளியே தேடினால் புழு இருக்காது. அந்தக் குழலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள், உள்ளே நிழலாக நகரும். பச்சைப்புழு சின்னதாக இருக்கும்போதே துளைத்து உள்ளே போய், குழலுக்குள் பத்திரமாக உட்கார்ந்து உட்சதையைச் சுரண்டித் தின்கிறது. மேலே தெளிக்கும் வேப்பெண்ணெய் அதற்குள் போகாது. அந்த இலையை அடியோடு வெட்டி, புழுவை நசுக்கிவிட வேண்டியதுதான். நான் தண்ணீர் ஊற்றும்போதே இலைகளைக் கையால் தடவிக்கொண்டு போவேன், மெதுக்கென்று அமுங்கும் இலையைக் கை கண்டுபிடித்துவிடும்.

மழைக்காலத்தில் இலையில் நடுவில் ஊதா நிறம் ஓடிய நீளத் திட்டு வந்தால் பூஞ்சை நோய். அந்த இலைகளை வெட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழிக்கு வேண்டாம். பைகளைத் தள்ளித்தள்ளி வைத்துக் காற்றோட்டம் கொடுங்கள். அடித்தண்டு கொழகொழத்து நாறினால் அது தண்ணீர் தேங்கியதால் வந்த அழுகல், அந்தத் தூரை மண்ணோடு அப்புறப்படுத்திவிடுங்கள். வெளி இலை ஒன்றிரண்டு மட்டும் மஞ்சளானால் அது நோயே இல்லை, மூத்த இலை உதிர்கிறது, அவ்வளவுதான்.

பிரித்து நடுவது

ஒரு வருஷத்தில் தூர் இறுகிவிடும். தண்டுகள் ஒன்றையொன்று நெருக்கி, நடுவில் இருப்பவை மெலிந்து, பையைத் தட்டினால் வேர்க்கட்டியாகச் சத்தம் கேட்கும். பிரிக்கச் சொல்லிச் செடி கேட்கிறது என்று அர்த்தம். குளிர்நாடுகளில் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பிரிப்பார்கள், நம் ஊரில் வருஷா வருஷம் வேண்டியிருக்கிறது. நான் ஆவணியிலோ தையிலோ செய்வேன்.

சமவெளியில் இந்த வேலையைத் தட்டிக்கழிக்க முடியாது, ஏனென்றால் இங்கே செடி பூத்து விதை வைப்பதில்லை. ஓரளவு தடித்த செடிக்குச் சில வாரம் தொடர்ந்து நல்ல குளிர் பட்டால்தான் பூந்தண்டு வரும். கோத்தகிரியில் சித்தி வீட்டுக்கு மார்கழிக் குளிர் போதும். வெயில் ஏறத் தொடங்கியதும் அங்கே வெளிர்மஞ்சள் பந்து பந்தாகப் பூத்து, தேனீ மொய்த்துக் கிடக்கும். அதே தூரின் பிள்ளைகள் என் மாடியில் நாலு வருஷமாக ஒரு பூ கூடப் பூக்கவில்லை. முதலில் எனக்கு வருத்தமாக இருந்தது. சித்திதான் தேற்றினார்கள்: "பூத்த தண்டு அதோட காஞ்சிரும், பக்கத்துல இருக்கறதுதான் தழைக்கும். உனக்கு அந்த நஷ்டமும் இல்லையே." மலைப்பக்கம் இருக்கிறவர்கள் விதை வேண்டாமென்றால் பூந்தண்டை மொட்டிலேயே வெட்டிவிடுங்கள்.

பிரிக்கும் முதல் நாள் சாயங்காலம் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் பையைச் சாய்த்து மொத்தக் கட்டியையும் வெளியே எடுத்து, மண்ணை உதறுங்கள். கத்தி வேண்டாம். இரண்டு கையாலும் தூரை அடியில் பிடித்து, வாழைப்பழச் சீப்பைப் பிரிப்பது போல மெல்லப் பிரித்தால் தண்டு தண்டாக வரும், ஒவ்வொன்றுக்கும் சொந்த வேர் இருக்கும். வேர் இல்லாமல் வந்ததைச் சமையலுக்கு ஒதுக்கிவிடுங்கள். மற்றதில் வேரை இரண்டு விரல் நீளத்துக்கும் இலையை ஒரு சாணுக்கும் கத்தரியுங்கள். இலையைக் குறைப்பது மனசுக்குக் கஷ்டமாக இருந்தாலும் செய்யத்தான் வேண்டும். வேர் பிடிக்காத செடியால் அவ்வளவு இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது, எல்லாம் துவண்டுவிடும். லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (வேரை நோயிலிருந்து காக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள்) கலந்த தண்ணீரில் வேரைக் கால் மணி நேரம் நனைத்து, இடத்துக்கு இரண்டு மூன்று தண்டாக, நாலைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் நடுங்கள். மூன்று நாலு நாள் நிழல். ஒரு வாரத்தில், வெட்டுப்பட்ட பழைய இலைக்கு நடுவிலிருந்து புதுக் குழல் கூராக எழுந்தால் பிடித்துவிட்டது.

மண்ணை மட்டும் மாற்றிவிடுங்கள். பழைய கலவையில் மறுபடி வெங்காயமோ பூண்டோ வைத்தால் நோய் தொடரும். அதில் கீரையோ அவரையோ போடுங்கள், இரண்டு மூன்று வருஷம் கழித்து வெங்காயத்துக்குத் திரும்பலாம்.

ஒரு பையைப் பிரித்தால் நாற்பது ஐம்பது தண்டு வரும். நமக்கு வேண்டியது போக மிச்சத்தை வேரில் கொஞ்சம் ஈரமண்ணை வைத்து வாழையிலையில் சுற்றி, மேலே நனைத்த துணி கட்டினால் மூன்று நாலு நாள் வாடாது. சித்தி கொடுத்தனுப்பிய தூர் கோத்தகிரியிலிருந்து பஸ் மாறி மாறி இரண்டாம் நாள்தான் என் கைக்கு வந்தது. போன ஆவணியில் பிரித்தபோது பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஆறு தண்டு கொடுத்தேன். இந்தத் தடவை முதல் அறுவடையின்போது நானும் கூடப் போய் நின்று, எதை வெட்ட வேண்டும், எதை விட வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டினேன். இப்போது அவர்கள் மாடியில் மூன்று பை இருக்கிறது.